ஒரு சபையின் வாராந்தர ஜெபக்கூட்டம்: மதிப்புரை

ஞாயிறு ஆராதனைக்கு வெளியே, வார நாளில் ஒரு மாலை வேளையில், ஒன்றேகால் மணி நேரம் நடைபெறும் பொது ஜெபக்கூட்டம் ஒன்றில் பல மாதங்களாகக் கலந்துகொண்டு வருகிறேன். அதை நடத்தும் சபையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. கீழே எழுதப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் வேறு பல சபைகளுக்கும் பொருந்தும்; நிறைகளோ எந்தச் சபையும் செலவின்றி எடுத்துக்கொள்ளக்கூடியவை. ஜெபத்தை மதிப்பிடலாமா என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். ஒருவர் கடவுளிடம் பேசுவதற்கு மதிப்பெண் போடும் உரிமை எவருக்கும் இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கூட்டத்தை எப்போது தொடங்குவது, யார் நடத்துவது, விண்ணப்பங்களை எவ்வாறு பெறுவது, யார் எவ்வளவு நேரம் ஜெபிப்பது என்பவையெல்லாம் மனிதர் செய்யும் ஏற்பாடுகள். அவை நன்றாகவும் அமையலாம், மோசமாகவும் அமையலாம். கொரிந்து நகரத்துச் சபையின் கூட்டங்களைக் குறித்து அப்போஸ்தலர் பவுல் எழுதியவற்றில் கணிசமான பகுதி இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றியதே.

என்னுடைய அளவுகோலையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 14-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு நடைமுறைக் கேள்வியைக் கேட்கிறார்: நீ ஏறெடுக்கும் ஸ்தோத்திரம் இன்னதென்று விளங்காதவன் அதற்கு எப்படி ஆமென் சொல்லுவான்? கூடி ஜெபிப்பதில் வாய்திறந்து ஜெபிப்பவரின் பங்கு சிறியது. கேட்டு, விளங்கிக்கொண்டு, அதைத் தன் வேண்டுதலாக ஏற்று ஆமென் சொல்பவர்களின் பங்கே பெரியது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமில் எழுதிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் யுஸ்தீன், ஞாயிறு தோறும் கிறிஸ்தவர்கள் கூடியதை விவரிக்கும்போது இதையே தெளிவாகப் பதிவு செய்கிறார். வேதவாசிப்பும் போதனையும் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக எழுந்து ஜெபிக்கிறார்கள். அதன்பின் நடத்துகிறவர் தம்மால் இயன்ற அளவு ஸ்தோத்திரம் செலுத்த, மக்கள் ஆமென் என்று இசைவு தெரிவிக்கிறார்கள். ஆகவே ஒரு ஜெபக்கூட்டத்தைப் பற்றி நான் கேட்கும் முதன்மையான கேள்வி, அங்கே எவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறார்கள் என்பதன்று. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் புதியவர் ஒருவர் மனமறிந்து ஆமென் சொல்ல அங்கே வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இந்தச் சபையில் பெரும்பாலும் இருக்கிறது.

கூட்டம் ஒரு சங்கீதத்தோடு, அதாவது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலுள்ள பாடல் ஒன்றோடு, தொடங்குகிறது. நடத்துகிறவர் ஒரு வசனம், மற்றவர்கள் மறு வசனம் என்று மாறிமாறி வாசிக்கிறார்கள். எந்தச் சங்கீதம் என்பதை அன்றைய மனநிலையை வைத்து எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் சங்கீதத்திலிருந்து வரிசையாகச் செல்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் துறவுமடத் தலைவர் பெனதிக்து தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் 150 சங்கீதங்களும் ஒரே வாரத்தில் முடிந்துவிட வேண்டும். இவர்களுக்கு அது ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கணக்கு. வேகம் ஒரு பொருட்டன்று. வரிசையாகச் செல்வதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது: நல்ல செய்தியோடு வந்தவர் புலம்பலின் சொற்களைச் சொல்ல நேர்கிறது, துக்கத்தோடு வந்தவர் துதியின் சொற்களைச் சொல்ல நேர்கிறது. 88-ஆம் சங்கீதம் வந்த மாலையில் இதை நன்றாக உணர முடிந்தது. கடைசி வசனம் வரையிலும் இருள் விலகாத சங்கீதம் அது; தனியாக ஜெபிக்கையில் நம்மில் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுவோம். அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்தவருக்கு அந்த வாரம் பேரன் பிறந்திருந்தான். அவரும் அந்த இருளின் சொற்களை முழுக்க வாசித்தார். அறையில் வேறு யாருக்கோ அவை தேவையாக இருந்தன. தன் அனுபவத்தில் இல்லாத ஒரு வேண்டுதலை அடுத்தவருக்காகத் தன் வாயில் எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் தனியறையில் கிடைப்பது அரிது.

தனியறை ஜெபத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுவே. ஆனால் அதே அதிகாரத்தில், அடுத்த சில வசனங்களுக்குள், அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ஒருவர் தனக்கு மட்டுமென்று கேட்கக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. அப்பம், மன்னிப்பு, சோதனையிலிருந்து காக்கப்படுதல் எல்லாமே மற்றவர்களையும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன. கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தாலும் சபையோடுதான் ஜெபிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியான் இதை எடுத்துக்காட்டி, நம்முடைய ஜெபம் பொதுவானது, நாம் ஜெபிக்கையில் ஒருவருக்காக அன்றி முழு மக்களுக்காகவும் ஜெபிக்கிறோம் என்று எழுதினார்.

சங்கீதத்துக்குப் பின் ஏறத்தாழ ஐந்து நிமிட மௌனம். புதிதாக வருகிறவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். யாரோ தங்கள் பகுதியை மறந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் தீரும். ஏனோ அவர் சொல்வதில்லை. பிரான்சில் 1940-இல் தொடக்கம் கண்ட தெய்சே என்னும் கிறிஸ்தவத் துறவுச் சமூகத்தின் பொது ஜெபங்களில் நீண்ட மௌனம் ஒரு நிலையான பகுதி என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மற்றவர்கள் இருமுவதும் நாற்காலியை நகர்த்துவதும் கேட்கிற இந்தக் கூட்டு மௌனம், வீட்டில் தனியாகக் கண்மூடி இருப்பதைவிடக் கடினமானது. அதனால்தான் அது தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வருவது விண்ணப்பங்களின் பகுதி. இச்சபையின் ஏற்பாட்டில் மிகச் சிறந்ததும் இதுவே, மிக மோசமானதும் இதுவே. மோசமானதைப் பின்னர் சொல்கிறேன். நுழைவாயிலில் ஒரு பெரிய கணக்குப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. பக்கங்கள் நான்கு கட்டங்களாகக் கோடிடப்பட்டுள்ளன: தேதி, பெயர், விண்ணப்பம், பின்விவரம். பெயரை எழுத விரும்பாதவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம். கடைசிக் கட்டம் வாரக்கணக்கில் வெறுமையாக இருக்கும். பிறகு வேறொரு மையில், சில வேளை வேறொருவர் கையெழுத்தில், ஏதேனும் எழுதப்பட்டிருக்கும். "வேலை கிடைத்தது." "அறுவைச் சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டது." "காலமானார்." கடைசியாகச் சொன்னது போன்ற குறிப்புகளையும் அடிக்காமல், மறைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதற்காகவே இந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். பல சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தில் நிறைவேறிய வேண்டுதல்கள் மட்டுமே ஒலிவாங்கிக்கு வருகின்றன. நிறைவேறாதவை அடுத்த வாரமே பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமற்போகின்றன. இங்கே நடத்துகிறவர் முந்தைய மாதப் பக்கத்தைத் திருப்பி, பின்விவரம் எழுதப்படாத விண்ணப்பங்களை மறுபடியும் பெயர் சொல்லி வாசிக்கிறார். ஒருமுறை ஜெபித்துவிட்டு மறந்துபோவதற்கு இந்த ஏற்பாடு இடம் கொடுப்பதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் ஜெபக்கூட்டம் எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருவதுண்டு. பேதுரு சிறையில் இருக்கிறார். மாற்கு எனப்பட்ட யோவானின் தாயார் மரியாளின் வீட்டில் பலர் கூடி அவருக்காக ஜெபிக்கிறார்கள். விடுதலையான பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்னும் பெண் ஓடிவந்து செய்தி சொன்னபோது, கூடியிருந்தவர்கள் அவளைப் பிதற்றுகிறாய் என்று சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தார்கள். கேட்டதைப் பெற்றபின்னும் நம்பாத அந்தக் கூட்டத்தின் ஜெபத்தைக் கடவுள் தள்ளிவிடவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வரத் தங்கள் விசுவாசம் போதாது என்று ஒதுங்கி நிற்பவர்களிடம் நான் இந்தப் பகுதியைத்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

விண்ணப்பங்களுக்காக ஜெபிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் ஒரு விண்ணப்பத்துக்காக மட்டுமே ஜெபிக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. 1857 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஜெரமையா லான்ஃபியர் என்ற சபை ஊழியர் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். முதல் அரைமணி நேரம் அவர் தனியே இருந்தார். முடிவில் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். சில மாதங்களில் அது பல நகரங்களுக்குப் பரவிய பெரும் இயக்கமாயிற்று. அங்கும் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது: ஜெபமோ புத்திமதியோ ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, சர்ச்சைக்குரிய பொருள்கள் பேசப்படக் கூடாது. எழுச்சியின் காலத்திலேயே இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது என்றால், சாதாரண வார மாலையில் அது இன்னும் எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிறவர்களை இயேசு கடிந்துகொண்டது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் நீண்ட ஜெபத்தை இடைமறிக்க எவருக்கும் துணிவு வருவதில்லை.

இங்கும் விதி எப்போதும் கைக்கொள்ளப்படுவதில்லை. ஒரு மாலையில், வேலை தேடும் தன் மகனுக்காக ஜெபிக்குமாறு ஒரு தாய் கேட்டிருந்தார். ஜெபிக்க எழுந்த மூத்த உறுப்பினர் ஒருவர், இக்காலத்து இளைஞர்களின் சோம்பலையும் கைப்பேசியின் தீமைகளையும் கடவுளுக்கு விரிவாக எடுத்துரைத்தார். மகனின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. கடவுளுக்குச் சொல்வதுபோலத் தொடங்கி, அறையில் இருப்பவருக்குச் சொல்லி முடிக்கிற இத்தகைய பிரசங்க ஜெபத்துக்கு அந்தத் தாய் எப்படி ஆமென் சொல்வார்? அவர் சொல்லவில்லை. நடத்துகிறவர் அடுத்ததாக, எவரையும் குறை கூறாமல், அந்த மகனின் பெயரைச் சொல்லி மூன்றே வாக்கியங்களில் மறுபடியும் ஜெபித்தார். விதியைச் சுவரில் ஒட்டுவதைவிட இப்படிக் கையாளத் தெரிந்த ஒருவர் இருப்பதே கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. அவர் வராத வாரங்களில் கூட்டத்தின் தரம் கண்கூடாகக் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே மனிதரை நம்பியிருக்கும் ஏற்பாடு நீடிக்காது.

எழுதிவைத்த ஜெபமா, மனதிலிருந்து வரும் ஜெபமா என்ற பழைய வழக்கு இச்சபையிலும் உண்டு. 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட பொது ஜெபப் புத்தகத்தின் மரபில் வளர்ந்தவர்களும், எழுதியதை வாசிப்பது ஜெபமே ஆகாது என்று நம்புகிறவர்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டத்தின் தொடக்கமும் முடிவும் எழுதப்பட்டவை. நடுப்பகுதி சொந்த வார்த்தைகள். இந்தச் சமரசம் நன்றாகவே வேலை செய்கிறது. எழுதப்பட்ட ஜெபத்தில் அடுத்து என்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், கேட்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்துப் பார்த்து இசைவு தர வேண்டிய அவசியமில்லை. களைத்து வந்தவரும் அதில் சேர்ந்துகொள்ள முடியும். சொந்த வார்த்தைகளில் அமைந்த ஜெபமோ நேற்று நடந்த விபத்தையும் இன்று வந்த மருத்துவ அறிக்கையையும் உள்ளே கொண்டுவருகிறது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட ஜெபம் எவ்வளவு பெரிய உதவி என்பதை, சொந்த வார்த்தைகளே சிறந்தவை என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் ஒருவரிடம் சொந்தச் சொற்களை எதிர்பார்ப்பது கொடுமை.

மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எல்லாரும் ஒரே நேரத்தில் குரலெழுப்பி ஜெபிக்கிறார்கள். கொரியாவில் பரவலாக உள்ள இம்முறை 1907-இல் பியோங்யாங்கில் நிகழ்ந்த எழுப்புதல் என்னும் ஆன்மிக எழுச்சியோடு சேர்த்து நினைவுகூரப்படுவது. என் அளவுகோலின்படி இது தோற்க வேண்டும். யார் என்ன கேட்கிறார் என்பது எவருக்கும் விளங்காத இடத்தில் ஆமெனுக்கு என்ன பொருள்? ஆனால் இங்கே அதற்கு முன்பு பொருள் ஒன்றைத் தெளிவாக அறிவித்துவிட்டு, அதற்காக மட்டும் நான்கைந்து நிமிடம் ஜெபித்து, ஒரு மணியோசையோடு நிறுத்திவிடுகிறார்கள். பொருள் பொதுவாக இருப்பதால் இசைவும் பொதுவாக இருக்கிறது. சத்தமிட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்த ஆரவாரத்தின் நடுவில்தான் முதன்முதலாக வாய்திறக்கிறார்கள் என்பதையும் கவனித்தேன். மாதம் ஒருமுறை என்ற அளவு சரியானது. வாரந்தோறும் வைத்தால் மெல்லிய குரலுடையவர்கள் வரமாட்டார்கள்.

இறுதிப் பகுதியில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறார்கள். குழுக்களைப் பங்கேற்பவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வந்து அமர்ந்த வரிசைப்படி நடத்துகிறவரே பிரித்துவிடுகிறார். சபை நிர்வாகக் குழுத் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்று, அதன்பின் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இருவர் ஒருநாள் இவ்வாறு ஒரே குழுவில் அமைந்துவிட்டார்கள், மூன்றாமவன் நான். ஒருவர் தம் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக ஜெபிக்கக் கேட்டார், அதுவும் என் முகத்தைப் பார்த்து. முறைப்படி ஜெபிக்க வேண்டியவரோ மற்றவர். சற்று நேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு அவர் அந்தத் தாயாரைப் பெயர் சொல்லி அழைத்து, இரண்டே வாக்கியங்களில் ஜெபித்தார். அவர்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்திலும் அவர்கள் எதிரெதிராகவே வாக்களித்திருப்பார்கள். ஆனால் பீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்ற கட்டளை, இப்படி ஒருவர் முழங்காலுக்கு எதிரே மற்றவர் முழங்கால் வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பெரிய ஆராதனை மண்டபத்தில் பகையாளிகள் இருவர் ஆண்டுக்கணக்கில் இரு மூலைகளில் அமர்ந்து ஆராதித்துவிட்டுப் போகலாம்.

இனிக் குறைகள். விண்ணப்பப் புத்தகத்தைப் பாராட்டினேன். அதில் உள்ளவற்றைக் கைப்பேசிக் குழுவில் தட்டச்சு செய்து அனுப்பும் வழக்கத்தைப் பாராட்ட முடியாது. ஒருவருடைய நோயின் பெயரும், மருத்துவமனையின் பெயரும், ஒரு வீட்டில் கணவன் மனைவிக்குள் இருக்கும் பிணக்கும், "பாரத்தோடு ஜெபிக்கவும்" என்ற குறிப்போடு குழுவில் வருகின்றன. அங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. தன் மகளின் கருச்சிதைவு பற்றி அறையில் பத்துப் பேருக்கு முன் சொன்ன ஒருவர், அதைப் பற்றி வேறொரு சபையைச் சேர்ந்தவர் விசாரித்தபோது அடைந்த வேதனையை நான் அறிவேன். அந்தக் குடும்பம் அதற்குப் பின் விண்ணப்பம் எதுவும் எழுதுவதில்லை. ஜெபத்தின் பெயரால் பரவும் வம்பு மற்ற வம்புகளைவிட மோசமானது, ஏனெனில் அதைத் தடுக்க முயல்பவர் ஜெபத்தைத் தடுப்பவர்போலத் தோற்றமளிப்பார். சொன்னவரின் அனுமதியின்றி எந்த விண்ணப்பமும் அறையைவிட்டு வெளியே போகாது என்று ஓர் ஒழுங்கை அறிவித்துக் கைக்கொள்வது கடினமன்று. இதைப் பொறுப்பாளர்களிடம் நேரிலும் சொன்னேன். கவனிக்கிறோம் என்றார்கள், இதுவரை எதுவும் மாறவில்லை.

இரண்டாவது குறை, வேண்டுதல்களின் குறுகிய வட்டம். நோய், வேலை, திருமணம், தேர்வு, விசா. இவை எதுவும் அற்பமானவையல்ல. தினசரி அப்பத்தையே கேட்கக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏட்டின் வழியாக நம்பிக்கையாளர் மன்றாட்டு என்னும் பொது வேண்டுதலை மீண்டும் திருப்பலியில் சேர்த்தபோது, திருச்சபை, ஆட்சியாளர்கள், பல்வேறு தேவைகளால் நெருக்கப்படுவோர், உலக மக்கள் அனைவரின் மீட்பு ஆகியவற்றுக்காக மன்றாடும்படி குறிப்பிட்டது. அந்த வட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கூட்டத்தின் வட்டம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். பக்கத்துத் தெருவில் உள்ள வேறு சபைப் பிரிவுக்காக ஒருவரும் ஜெபித்து நான் கேட்டதில்லை. கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் 1908-இல் தொடங்கி, இன்றும் பல நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்படுகிறது. இங்கே அந்த வாரம் மற்ற வாரங்களைப் போலவே கடந்துபோயிற்று. அப்போஸ்தலர் நடபடிகளின் 4-ஆம் அதிகாரத்தில், மிரட்டலுக்கு ஆளான சபை ஒருமனப்பட்டு ஜெபித்தபோது, மிரட்டல் நீங்க வேண்டும் என்று கேட்கவே இல்லை; இரண்டாம் சங்கீதத்தை எடுத்துச் சொல்லி, வசனத்தை முழுத் தைரியத்தோடு சொல்ல அருள்செய்யும்படி கேட்டது. கஷ்டத்தை நீக்கும் என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஜெபம் நல்ல பயிற்சியாக இருக்கும்.

காணொளி வழியாகக் கலந்துகொள்ளும் வசதியைத் தனியே குறிப்பிட வேண்டும். 2020-இல் ஆலயங்கள் மூடப்பட்டபோது பல சபைகளைப் போல இச்சபையும் அதைத் தொடங்கியது; பின்னர் நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்தே நடத்துகிறது. படுக்கையில் இருப்பவர்கள், இரவுப் பணிக்குச் செல்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு இது உண்மையான உதவி. யுஸ்தீன் எழுதிய அதே விவரணையில், கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்கு அப்பத்தையும் ரசத்தையும் உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்ததும் வருகிறது. வராதவர்களை விட்டுவிடாதிருப்பது பழைய அக்கறை. ஆனால் ஏற்பாட்டில் கவனம் போதாது. அறையில் பேசுபவர் ஒலிவாங்கியிலிருந்து சற்று விலகினாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது இணைப்பின் தாமதத்தால் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன; அதனால் வீட்டில் இருப்பவர்களின் ஒலியை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் ஜெபிப்பது அறையில் உள்ளவர்களுக்குத் தெரிவதே இல்லை. திரையின் ஓரத்தில் ஆமென் என்று எழுத்தில் வருவதை வாசிக்க ஆள் இல்லை. மூவர் குழு நேரத்தில் அவர்களை வெறும் பாட்டொலியோடு காத்திருக்க வைப்பது இன்னும் மோசம். அவர்களையும் மூவராகப் பிரிக்கக் கருவியில் வசதி இருக்கிறது. இயக்கத் தெரிந்த ஒருவரை நியமித்தால் போதும்.

காணொளியின் வேறொரு விளைவுக்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது. நடந்து வரக்கூடியவர்களில் சிலர் வீட்டிலேயே இருந்து, பெயரை மட்டும் திரையில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார்கள். சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட காலத்திலேயே இந்தச் சோர்வு இருந்திருக்கிறது. படுக்கையில் இருப்பவரை யாக்கோபு நிருபத்தின்படி மூப்பர்கள் நேரில் போய்ப் பார்த்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டிய இடத்தில், திரை இணைப்பை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. இச்சபை அந்த ஆபத்தில் ஓரளவு விழுந்திருக்கிறது. வீடு சென்று ஜெபிப்பது முன்னைவிடக் குறைந்துவிட்டதாகப் பழைய உறுப்பினர்கள் சொல்கிறார்கள்.

ஒரு நாள் முழுதும் மணிக்கு ஒருவராகத் தொடரும் சங்கிலி ஜெபமும் இங்கே அவ்வப்போது நடக்கிறது. 1727-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் தொடங்கிய இடைவிடாத ஜெபம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது என்பதை இதற்கு முன்னுதாரணமாகச் சொல்கிறார்கள். அங்கே ஜெபித்தவர்கள் ஒரே குடியிருப்பில் சேர்ந்து வாழ்ந்தவர்கள், வேளைதோறும் கூடியவர்கள். வாரக்கூட்டத்துக்கு வராதவர்களைச் சங்கிலியில் பெயர் எழுதச் சொல்லிச் சமாதானம் அடைவது அதற்கு ஈடாகாது.

யாருக்கு இந்தக் கூட்டத்தைப் பரிந்துரைப்பேன்? வேறு ஊரிலிருந்து வந்து சபையில் எவரையும் அறியாதவர்களுக்கு முதலில். ஞாயிறு ஆராதனையில் ஓராண்டு கலந்துகொண்டாலும் அறிய முடியாத மனிதர்களை இங்கே சில மாலைகளில் அறிந்துகொள்ள முடிகிறது. ஜெபிக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். வாய்திறக்க எவரும் வற்புறுத்துவதில்லை, மூவர் குழுவில்கூட ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழலாம். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இன்றைய நிலையில் பரிந்துரைக்கத் தயக்கம் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் அவர்களுக்கென்று எதுவும் இல்லை. ஒரு சிறுமி தன் பள்ளித் தோழிக்காக விண்ணப்பம் எழுதியிருந்ததை வாசித்தபோது பெரியவர்கள் சிரித்தார்கள், பின்னர் அவள் வரவில்லை. காது மந்தமானவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மூவர் குழு நேரத்தில் அறையில் எழும் இரைச்சலில் அவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. பக்கத்து அறையைத் திறந்துவிட்டால் தீர்ந்துவிடும்.

முதன்முறையாகச் செல்பவர்கள் தொடக்க நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் விண்ணப்பத்தைப் புத்தகத்தில் எழுத முடியும். தொடங்கியபின் அதை உள்ளே எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். வெளியே பரவக் கூடாதது எதுவாயினும், விவரம் எழுதாமல் பெயரை மட்டும் எழுதுவதே இப்போதைக்குப் பாதுகாப்பானது. பெயரை மட்டும் வாசித்தும் அவர்கள் ஜெபிக்கிறார்கள். நடுவரிசையில் அமர்வது நல்லது, ஓரத்தில் அமர்ந்தால் மூவர் குழுவுக்காக இடம் மாற நேரிடும்.